மருத்துவக் கல்வியும் நம் மக்களும்: ஒரு வரலாற்றுப் பார்வை

விரிஞ்சிபுரத்திற்குக் கிழக்கே சில கல் தொலைவில் வேலூர் இருக்கிறது. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் நோயாளிகள் இரயிலேறி வந்து வைத்தியம் பார்த்துக்கொள்ளும் மருத்துவக் கல்லூரி அங்கே உள்ளது. மேற்கே ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கின்றன. நம் மக்களில் பல்லாயிரவர் தோல் பதனிட்டும் காலணி தைத்தும் வயிறு வளர்ப்பது அங்கேதான். இவ்விரண்டிற்கும் இடையே, பாலாற்றங்கரையில் நாம் வாழ்கிறோம். மருத்துவக் கல்வி நமக்கு இவ்வளவு அருகில் இருந்தும் இவ்வளவு தொலைவில் இருந்தது ஏன்? அத்தொலைவு எவ்வாறு குறைந்தது? இன்னும் எவ்வளவு எஞ்சியிருக்கிறது? நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், இவ்வினாக்களுக்கு வரலாற்றில் விடை தேடுவது நம் இளைஞர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறோம்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவன் என்பன அவை. நம் மக்கள் நெடுங்காலம் இந்நான்கனுள் முதற்கூறாக மட்டுமே கருதப்பட்டனர். மற்றக் கூறுகளுக்குள் அவர்கள் நுழைந்த வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

தொடுதலும் தீட்டும்

மருத்துவம் என்பது தொடும் கலை. நாடி பார்ப்பதும், வயிற்றை அழுத்திப் பார்ப்பதும், புண்ணைக் கழுவிக் கட்டுவதும், பிறக்கும் குழந்தையைக் கையில் ஏந்துவதும் தொடாமல் நடவா. ஆனால் நம் நாட்டின் சாதி முறையோ தொடாமையை அறமாக்கிற்று. பிணத்தைத் தொட்டவன் தீட்டு, தோலை உரித்தவன் தீட்டு, பிள்ளைப்பேற்றின் குருதியைத் துடைத்தவள் தீட்டு என்றது. உடலைப் பற்றிய அறிவு எந்தக் கைகளுக்கு இயல்பாக வந்ததோ அந்தக் கைகளுக்கு ஏடு மறுக்கப்பட்டது. ஏடு வாய்த்த கைகளோ உடலைத் தொட அஞ்சின.

1835ஆம் ஆண்டு கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. மறு ஆண்டில் பண்டிதர் மதுசூதன குப்தர் என்பார் அங்கு மனித உடலை அறுத்து ஆராய்ந்தார். இது பெரும் துணிவாகப் போற்றப்பட்டது. சாதி விலக்கத்திற்கு அஞ்சாது அவர் கத்தியை எடுத்தமை பாராட்டுக்குரியதே. ஆயினும் நாம் இங்கு ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் ஒருநாள் செய்ததைத் துணிவு என்ற சமுதாயம், தலைமுறை தலைமுறையாகப் பிணம் சுமந்தோரையும் தோல் உரித்தோரையும் இழிந்தோர் என்றது. ஒரே செயல், செய்தவர் யார் என்பதைப் பொறுத்துப் பெருமையாயிற்று, இழிவாயிற்று.

இத்தீண்டாமை உயிரையும் கொன்றது. அண்ணல் அம்பேத்கர் தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைக்கிறார். கத்தியவாரில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவரின் மனைவி, பிள்ளைப்பேற்றுக்குப் பின் காய்ச்சலில் கிடந்தார். சேரிக்குள் வர மருத்துவர் மறுத்தார். நோயாளியை வெளியே கொண்டுவரச் செய்து, வெப்பமானியைத் தாம் நேரே கொடாமல் ஓர் இசுலாமியர் கையில் கொடுத்து, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைத்து, அதே வழியில் அது திரும்பி வந்தது. அப்பெண் இறந்துபோனார். 1929ஆம் ஆண்டு அக்கணவர் எழுதிய கடிதம் 'யங் இந்தியா' இதழில் வெளிவந்தது. அம்மருத்துவர் பட்டம் பெற்றவர்தாம். பட்டம் கைக்கு அறிவைத் தரும். தொடும் மனத்தைத் தாராது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நம் மக்களிடம் மருத்துவ அறிவே இல்லை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. மருத்துவச்சிகளாகவும் நாட்டு வைத்தியர்களாகவும் நம் முன்னோர் பலர் வாழ்ந்தனர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி நம் வரலாற்றையே புதுக்கி எழுதிய அயோத்திதாசப் பண்டிதர், தொழிலால் சித்த மருத்துவர் ஆவார். ஏட்டறிவும் கைப்பழக்கமும் ஒருவரிடமே சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு அவர் எடுத்துக்காட்டு. ஆனால் புதிய மேனாட்டு மருத்துவக் கல்வி, கல்லூரி வாயில் வழியாகவே வந்தது. அவ்வாயிலில் நம்மவர் நிற்கவும் இடமில்லை.

சென்னையில் திறந்த கதவு

சென்னையில் 1835ஆம் ஆண்டு மருத்துவப் பள்ளி ஒன்று நிறுவப்பெற்றது. 1850இல் அது கல்லூரியாயிற்று. அதுவே இன்றைய சென்னை மருத்துவக் கல்லூரி. 1875இல் மேரி சார்லீப் என்னும் ஆங்கில மாதரும் வேறு மூன்று பெண்களும் அங்குச் சேர்க்கப்பட்டனர். உலகின் பல நாடுகள் பெண்களுக்கு மருத்துவக் கல்வியை மறுத்துவந்த காலம் அது. பின்னர்ப் புதுக்கோட்டையிலிருந்து வந்த முத்துலட்சுமி 1907இல் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். தாயின் பிறப்பைக் காட்டிப் பள்ளியிலும் கல்லூரியிலும் அவரைத் தடுக்க முயன்றோர் இருந்தனர். அவரே பிற்காலத்தில் சட்டமன்றத்தில் அமர்ந்து தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கினார்.

அதே காலத்தில் சென்னையில் எழுந்த இன்னொரு மருத்துவமனையின் பெயரையும் நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். 1885இல் சார்லீப் அம்மையாரின் முயற்சியால் தோன்றிய அம்மருத்துவமனைக்குச் 'சாதிப் பெண்டிர், கோஷாப் பெண்டிர்' மருத்துவமனை என்றே பெயர். ஆண் மருத்துவரிடம் வாராத மேற்சாதி இந்துப் பெண்களுக்காகவும், முக்காடிட்டு வாழ்ந்த இசுலாமியப் பெண்களுக்காகவும் அது எழுந்தது. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக எல்லாப் பெண்களுக்கும் அது பணிபுரிகிறது. சாதியின் பெயரைச் சுமந்து பிறந்த ஒரு நிறுவனம் அப்பெயரைக் களைந்து பொதுவாக முடியும் என்பதே இதில் நாம் பெறும் பாடம்.

யாழ்ப்பாணமும் இராணிப்பேட்டையும்

தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலாது என்பாருக்கு விடை, நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்பே யாழ்ப்பாணத்தில் கிடைத்துவிட்டது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவர்க்கு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் பாடம் நடந்தது. உடற்கூறு, அறுவை மருத்துவம், உடலியங்கியல் ஆகியவற்றைக் கூறும் பெருநூல்களைத் தம் மாணவர் துணையோடு தமிழாக்கி அச்சிட்டார். ஆங்கிலம் அறியாக் குறையே மருத்துவம் கற்கத் தடை என்று அஞ்சும் நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாறு ஊக்கம் தரும். ஆங்கிலத்தைக் கற்க வேண்டும். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. தமிழில் தெளிவாக விளங்கிக்கொண்ட அறிவியல், ஆங்கிலத்தில் ஒரே ஆண்டில் கைவரும்.

கிறீனுக்கு முன்னரே இலங்கையில் மருத்துவப் பணி செய்தவர் ஜான் ஸ்கடர். அவர்தம் மக்கள் 1853இல் ஆற்காட்டுப் பகுதியில் தங்கள் மிஷனை நிறுவினர். 1866இல் இராணிப்பேட்டையில் மருத்துவமனை தோன்றியது. ஜான் ஸ்கடரின் பேர்த்தியாக 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவரே ஐடா ஸ்கடர் அம்மையார்.

அவர் மருத்துவரான காரணம் பலரும் அறிந்ததே. திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது ஒரே இரவில் மூன்று ஆடவர், பேறுகாலத்தில் துன்புறும் தம் மனைவியரைக் காக்க வருமாறு ஒருவர்பின் ஒருவராக அவரை அழைத்தனர். தாம் மருத்துவர் அல்லர் என்றும், தம் தந்தையார் வருவார் என்றும் அவர் கூறினார். அயல் ஆடவர் தம் பெண்டிரைப் பார்க்கலாகாது என்று மூவரும் திரும்பிச் சென்றனர். விடியுமுன் மூன்று பெண்களும் இறந்தனர். அமெரிக்கா சென்று 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1900இல் அவர் மீண்டார். ஒரே கட்டிலுடன் வேலூரில் பணி தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது.

திண்டிவனத்து மூன்று பெண்களையும் கத்தியவாரின் ஆசிரியர் மனைவியையும் இங்கு ஒருசேர நினைக்கிறோம். மூவர்க்கு மருத்துவர் வர அணியமாயிருந்தும் வழக்கம் கதவை அடைத்தது. ஒருவர்க்குக் கதவு திறந்திருந்தும் மருத்துவர் நுழைய மறுத்தார். இரு நிகழ்ச்சிகளும் ஒன்றையே காட்டுகின்றன. எந்த மக்களுக்குத் தம்முள்ளிருந்து எழுந்த மருத்துவர் இல்லையோ, அந்த மக்கள் பிறர் வழக்கத்திற்கும் பிறர் மனத்திற்கும் தம் உயிரை அடகு வைத்தவராவர்.

வேலூரில் பட்டப்படிப்பு

ஐடா அம்மையார் 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். அக்காலத்தில் மருத்துவக் கல்வி இரு படியாக இருந்தது. பள்ளியில் பயின்றோர் எல்.எம்.பி. என்னும் உரிமம் பெற்றனர். கல்லூரியில் பயின்றோர் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றனர். நாட்டுப்புறத்தில் உழைத்தவர் பெரும்பாலும் உரிமம் பெற்றவரே. 1930களின் இறுதியில் உரிமப் படிப்பை மாகாண அரசு கைவிட முற்பட்டது. பட்டப்படிப்பாக உயர்த்தாவிடில் பள்ளியை மூட நேரும் என்ற நிலை வந்தது. எழுபது வயதில் அம்மையார் அமெரிக்கா சென்று பொருள் திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது, 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். செவிலியத்திற்கு 1946இலேயே அங்குப் பட்டப்படிப்பு தோன்றிவிட்டது. அதே 1946இல் போர் குழு தன் அறிக்கையில், நாடெங்கும் ஒரே தரமான அடிப்படை மருத்துவரை உருவாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

தரம் உயர்ந்தது நன்று. ஆயினும் உரிமப் படிப்பு மறைந்ததும் ஏணியின் கீழ்ப்படி ஒன்று மறைந்தது. இனி மருத்துவராக வேண்டுமெனில் ஒரே தாவில் பட்டப்படிப்பை எட்ட வேண்டும். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த நம் பிள்ளைகளுக்கு அத்தாவு எளிதன்று. இடஒதுக்கீடு ஏன் இன்றியமையாததாயிற்று என்பதை இங்கிருந்துதான் உணர வேண்டும்.

வேலூரின் வரலாற்றில் நம் தொழிலோடு இணைந்த ஒரு பக்கமும் உண்டு. 1940களின் இறுதியிலிருந்து டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை முறையை அங்கு வளர்த்தார். உணர்ச்சியற்ற பாதங்களில் புண் வருவது, நோவு தெரியாமல் நடப்பதால் ஏற்படும் காயத்தினாலேயே என்று அவர் காட்டினார். அப்பாதங்களைக் காக்கத் தனிவகைக் காலணிகள் வேலூரிலும் கரிகிரியிலும் உருவாக்கப்பட்டன. அறுவை மருத்துவர் நிமிர்த்திய காலை, செருப்புத் தைப்பவரின் கைத்திறனே காத்தது. தொழுநோயாளியைத் தொடுவதும் செருப்புத் தைப்பதும் ஒருங்கே இழிவெனக் கருதப்பட்ட நாட்டில், அவ்விரண்டும் சேர்ந்து ஒரு விஞ்ஞானமாயின.

அரசாணையும் அரசியலமைப்பும்

கதவைத் தட்டுவோர் வேறு. தட்டும் உரிமையைச் சட்டமாக்குவோர் வேறு. 1947இல் சென்னை மாநில அரசு, தொழிற்கல்லூரி இடங்களை 14 கூறாக்கி, அவற்றுள் 2 கூறுகளைத் தாழ்த்தப்பட்டோர்க்கு அளித்தது. ஆந்திரப் பகுதிகளையும் உள்ளடக்கிய அன்றைய மாநிலத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகள் நான்கே. அவற்றின் இடங்கள் 330 மட்டுமே. இவ்வாணையை எதிர்த்துச் செண்பகம் துரைராசன் என்பார் மருத்துவக் கல்லூரி இடத்தின் பொருட்டு வழக்குத் தொடுத்தார். அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்பது வழக்கில் வெளிப்பட்டது. ஆயினும் 1950இல் உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் ஆணை செல்லாது என்றன.

தமிழகம் கொந்தளித்தது. தந்தை பெரியார் கிளர்ச்சி நடத்தினார். அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சராக வீற்றிருந்த நாடாளுமன்றம், 1951 சூனில் அரசியலமைப்பை முதன்முறையாகத் திருத்தி, 15ஆம் உறுப்பில் நான்காம் உட்பிரிவைச் சேர்த்தது. கல்வியில் இடஒதுக்கீடு இன்று நிற்கும் அடித்தளம் அதுவே. இந்திய அரசியலமைப்பின் முதல் திருத்தத்திற்கு வித்திட்ட வழக்குகளுள் ஒன்று, நம் மாநிலத்து மருத்துவக் கல்லூரி இடம் பற்றியது என்பதை நம் இளைஞர்கள் மறத்தலாகாது.

தமிழகத்தில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்குமாக இருந்த 16 விழுக்காடு 1971இல் 18 ஆயிற்று. 1990இல் பழங்குடியினர்க்குத் தனியே 1 விழுக்காடு வழங்கப்பட்டது. மொத்த ஒதுக்கீடான 69 விழுக்காட்டைக் காக்கும் சட்டம் 1994இல் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் இடம்பெற்றது. 18 விழுக்காட்டினுள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு 2009இல் அளிக்கப்பட்டது. இத்தகைய உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்முள் பின்தங்கிய உடன்பிறப்புக்கு முதற்பந்தி இடுவது பங்கு குறைவதாகாது.

கல்லூரிகளும் பெருகின. வேலூரை அடுத்த அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி 2005இல் தொடங்கியது. 2022 சனவரியில் கிருஷ்ணகிரி உள்ளிட்ட 11 மாவட்டங்களில் ஒரே நாளில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 330 இடங்களுக்கு மாநிலமே வழக்காடிய காலம் எங்கே, இக்காலம் எங்கே!

தேர்வு என்னும் மதில்

இடங்கள் பெருகியபோது மதிலும் உயர்ந்தது. 1984 முதல் மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. 2006இல் இயற்றிய சட்டத்தால் அது நீக்கப்பட்டு, மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2017 முதல் நீட் தேர்வு கட்டாயமானது. அவ்வாண்டு அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா, மூட்டை சுமக்கும் தொழிலாளியின் மகள், 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றிருந்தும் மருத்துவ இடம் பெறவில்லை. உச்சநீதிமன்றம் வரை சென்று வழக்காடிய அச்செல்வி, செப்டம்பர் முதல் நாள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவ்விழப்பு நம் நெஞ்சில் ஆறாத புண். அதனாலேயே நம் பிள்ளைகளிடம் ஒன்றை அழுத்திக் கூறுகிறோம். எந்தத் தேர்வும் உங்கள் உயிரின் விலைக்கு ஈடாகாது. மனம் கலங்கும் நாளில் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சங்கத்தாரிடமோ வந்து பேசுங்கள். நம் மக்களுக்கு மருத்துவர் வேண்டும். அதற்கு முன் நீங்கள் வேண்டும்.

2020இல் தமிழக அரசு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவப் பட்டப்படிப்பில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வழங்கிச் சட்டம் இயற்றியது. அது நம் பள்ளிகளின் மதிப்பை ஒரே நாளில் உயர்த்தியது. ஆனால் இடையில் ஓராண்டு தனியார் பள்ளிக்குப் பிள்ளையை மாற்றினாலும் இவ்வுரிமை நழுவும் என்பதைப் பெற்றோர் பலர் அறியாதிருக்கின்றனர்.

உள்ளே நுழைந்தபின் எல்லாம் இன்பம் என்றும் எண்ண வேண்டா. நாட்டின் தலைசிறந்த மருத்துவ நிறுவனமாகிய டில்லி எய்ம்சில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர் நடத்தப்படும் முறையை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு, விடுதியிலும் வகுப்பிலும் வேறுபாடு காட்டப்படுவதாக 2007இல் அறிக்கை தந்தது. ஆதலால் இடம் பெற்ற மாணவரை வாழ்த்தி அனுப்புவதோடு நம் கடமை முடிவதில்லை.

நமக்கென ஒரு மருத்துவம்

மருத்துவப் பட்டப்படிப்பு நான்கரை ஆண்டு. அதன்பின் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. தொடக்கத்தில் உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். பின்னர் நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல். அதன்மேல் சமுதாய மருத்துவம், பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம். உடற்கூற்றுக் கூடத்தில் முதலில் கற்பது தோலின் அடுக்குகளை. சுண்ணாம்புக் குழியில் மேல்தோல் கழன்று, சதை நீக்கியபின் எஞ்சும் உள்தோலே பதனிட்ட தோலாகிறது என்பதை நம் வீட்டுப் பெரியவர் எவரும் சொல்வர். இதனால் தோல் தொழிலாளி மருத்துவர் ஆகிவிடார். ஆனால் அவர் பிள்ளை அக்கூடத்திற்குள் கூசாமல் நுழையலாம்.

தொழிலால் வரும் நோய்களைப் பற்றி உலகில் முதன்முதல் விரிவான நூல் எழுதியவர், இத்தாலிய மருத்துவர் ராமசினி. 1700ஆம் ஆண்டு அது வெளிவந்தது. தம் ஊரில் மலக்குழியைத் துப்புரவு செய்த தொழிலாளியின் துன்பத்தைக் கண்டதே அந்நூலுக்குத் தூண்டுகோல். அதில் தோல் பதனிடுவோர்க்கும் இடமுண்டு. நோயாளியிடம், நீ செய்யும் தொழில் யாது என்று மருத்துவர் தவறாமல் கேட்க வேண்டும் என்றார் அவர். நம் பகுதியில் இவ்வினாவின் அருமை பெரிது. குரோம் உப்பால் தோலில் வரும் புண்ணும், சோடியம் சல்பைடு கலந்த கழிவில் அமிலம் சேரும்போது எழும் நச்சுக் காற்றும், விலங்குத் தோல் வழிப் பரவும் அடைப்பான் நோயும் இத்தொழிலோடு பிறந்தவை. பாலாற்றின் மாசு குறித்து வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு நாடறிந்தது. சட்டம் தன் கடனைச் செய்தது. அந்த ஆற்றங்கரையில் வாழ்வோரின் நுரையீரலையும் தோலையும் அறிந்து பேசும் மருத்துவர், நம் தெருவிலிருந்து எழ வேண்டும்.

செய்ய வேண்டுவன

எம்.பி.பி.எஸ். ஒன்றே மருத்துவக் கல்வி அன்று. வள்ளுவர் கூறிய நான்காம் கூறாகிய அருகிருப்போரையும் நினைக்க வேண்டும். செவிலியம், மருந்தாளுமை, இயன்முறை மருத்துவம், ஆய்வகத் தொழில்நுட்பம், கதிரியக்கம் ஆகியவற்றிலும் பட்டப்படிப்புகள் உள்ளன. இவற்றுள் இயன்முறை மருத்துவம், ஆய்வகத் தொழில்நுட்பம், கதிரியக்கம் போன்ற துறைகளை முறைப்படுத்த 2021இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. இவற்றில் ஒன்றைப் பயில்வது தோல்வியன்று.

நம் சங்கத்தார்க்கும் பெற்றோர்க்கும் சிலவற்றை முன்வைக்கிறோம். ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளையின் அறிவியல், ஆங்கிலப் பாடங்களில் கவனம் செலுத்துக. பதினொன்றாம் வகுப்பில் தொடங்குவது காலங்கடந்ததாகும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே நிலைக்கச் செய்க. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பள்ளிப் படிப்புச் சான்று ஆகியவற்றைக் கலந்தாய்வுக்கு முன்பே ஆயத்தமாக வைத்திருக்க. மாலை வேளைகளில் சங்கக் கட்டடத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வகுப்பு நடத்த நம்மில் ஓய்வுபெற்ற ஆசிரியர் முன்வருக. இடம் பெற்ற பிள்ளைக்கு, முன்பே பயின்ற ஒருவரைத் துணையாக அமர்த்துக. பெண் பிள்ளைகளைக் காலணித் தொழிற்சாலைக்கு அனுப்பும் அவசரத்தை இரண்டாண்டு ஒத்திவைக்க. அவ்விரண்டாண்டில் மேல்நிலைக் கல்வி முடிந்துவிடும். பிறகு அவள் செல்லும் வழியை அவளே முடிவு செய்யட்டும்.

மருத்துவராகும் நம் இளைஞர்க்கும் ஒரு சொல். கத்தியவார் மருத்துவரின் கையில் வெப்பமானி இருந்தது. நெஞ்சில் தீட்டு இருந்தது. உங்கள் கை எவரையும் சாதி பார்த்துத் தொடாதிருக்கவும் வேண்டா; சாதி பார்த்துத் தொடவும் வேண்டா. நேற்று நம்மைத் தொட மறுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கும் நீங்கள் நாடி பாருங்கள். அதுவே நம் முன்னோர்க்குச் செய்யும் கைம்மாறாகும்.

ஓங்குக கல்வி! வாழ்க நம் சங்கம்!